முப்பது வினாடி மௌனம்: இணையத்தில் இடம் பிடித்த கதை

பழைய டெலிபோனில் நம்பரைச் சுழற்றி லைன் கிடைச்சதுன்னா, பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பாதை நமக்கே நமக்குத்தான். இணையம் டவுன் பஸ் மாதிரி. எல்லா பாக்கெட்டும் முண்டியடிச்சுதான் ஏறணும். மின்னஞ்சல் அஞ்சு வினாடி தாமதமா வந்தா யாருக்கும் தெரியாது. குரல் அரை வினாடி தாமதமானாலே பேச்சு குழம்பிடும்.

இந்தச் சிக்கல் புதுசில்லை. 1979-லேயே எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தின் ஜிம் ஃபோர்ஜி, குரலுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் 'எஸ்.டி.' நெறிமுறையை எழுதினார். 1993-ல் லிஷியா ஜாங் உள்ளிட்ட ஐந்து பேர் ஆர்.எஸ்.வி.பி.யை முன்வைத்தார்கள். 1997 செப்டம்பரில் அது ஆர்.எஃப்.சி. 2205 என்ற தரமாக வந்தது.

யோசனை எளிமையானது. அனுப்புகிறவர் ஒரு 'பாத்' செய்தி விடுவார். பெறுகிறவர் அதே வழியில் 'ரெசர்வ்' செய்தியைத் திருப்பி அனுப்புவார். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் இடம் இருக்கான்னு பார்த்து ஒதுக்கும். ஏறக்குறைய 30 வினாடிக்கு ஒருமுறை நினைவூட்டணும். நினைவூட்டல் நின்னுபோனா ரவுட்டர் கொஞ்ச நேரத்தில் ஒதுக்கீட்டை மறந்துவிடும். ஒரு கணினி செத்துப்போனாலும் இடம் வீணாகாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

ஆனா அங்கேதான் வினையும் இருந்தது. முதல் செய்தி வழியில் தொலைஞ்சா, தொலைஞ்சதே யாருக்கும் தெரியாது. அடுத்த நினைவூட்டல் வரைக்கும் காத்திருக்கணும். போன் செய்தவர் அரை நிமிஷம் சும்மா இருப்பாரா? இன்னொண்ணு: ஒவ்வொரு அழைப்பையும் ஒவ்வொரு ரவுட்டரும் ஞாபகம் வச்சுக்கணும். அழைப்புகள் பெருகப் பெருகச் சுமையும் பெருகும். அதே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 2208-லேயே இந்த எச்சரிக்கை இருந்தது.

2001-ல் இரண்டு திருத்தங்கள் வந்தன. ஆர்.எஃப்.சி. 2961, 'கிடைத்தது' என்ற பதில் வராவிட்டால் அரை வினாடியில் மறுபடி அனுப்பச் சொன்னது. ஆர்.எஃப்.சி. 3209, எம்.பி.எல்.எஸ். வலையமைப்பில் பல அழைப்புகளைச் சேர்த்து ஒரே பெரிய குழாயாக ஒதுக்க வழி செய்தது.

இன்னைக்கு 4ஜி-யில் வோல்டி அழைப்பு போகும்போது, குரலுக்குத் தனி ஒதுக்கீடு நடக்கிறது. அது ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் சாத்தியம். பல நிறுவனங்களைத் தாண்டும் பொது இணையத்தில் அந்தக் கனவு நிறைவேறலை. ஒதுக்கித் தர்ற இடத்துக்கு யார் காசு கொடுப்பாங்க என்ற கேள்விக்கு எந்த நெறிமுறையும் பதில் சொல்லலையே!