கார்த்திகைப்பூவும் அதன் பெயர்களும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பற்றைக்காடுகளில் மாரி தொடங்கியதும் ஒரு கொடி தலைகாட்டும். வடகீழ்ப் பருவமழையில் முளைத்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக நீட்டி வேலிமேல் ஏறும். கார்த்திகையில் பூத்துப் பின்னர்க் கோடையில் தண்டும் இலையும் காய்ந்து மறையும். மண்ணுள் கிழங்கு மட்டும் உறங்கும். இதுவே கார்த்திகைப்பூ. சங்கச் சான்றோர் இதனைச் செங்காந்தள் என்றனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்வரிசையில் முதலில் நிற்பதும் இதுவே.

ஒல்லாந்தர் 1639 இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்தம் கம்பனியின் மருத்துவராகிய பவுல் ஹேர்மன் 1672 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் தங்கிச் செடிகளைத் திரட்டினார். அத்தொகுப்பை ஆதாரமாகக் கொண்டு சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1753 இல் இக்கொடிக்கு அவர் வழங்கிய பெயர் 'குளோரியோசா சுப்பேர்பா' என்பதாகும். புகழும் பெருமிதமும் உடையது என்பது அதன் பொருள்.

அப்பெயர் மலரின் எழிலைப் போற்றுகின்றது. கலப்பைக்கிழங்கு என்னும் தமிழ்ப்பெயரோ மண்ணுள் மறைந்திருப்பதையும் அறிவிக்கின்றது. கலப்பைபோல் வளைந்த அக்கிழங்கில் கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. உண்ணத்தக்க கிழங்கென மயங்கிச் சமைத்துண்டு உயிரிழந்தோர் இலங்கையில் உளர். அந்நஞ்சே உரிய அளவில் வாதநோய்க்கு மருந்தாகும். அதன்பொருட்டுத் தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இது விதைக்காகப் பயிரிடப்படுகின்றது.

செங்காந்தள் தமிழ்நாட்டின் அரச மலராகும். விடுதலைப் புலிகள் கார்த்திகைப்பூவைத் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தனர். 2009 இல் போர் முடிந்த பின்னரும் அந்நினைவு இம்மலரை விட்டு அகலவில்லை. ஆகவே வீட்டுத்தோட்டத்தில் இதனை நடுவோர் அழகோடு ஒரு வரலாற்றையும் நடுகின்றனர் எனலாம்.

நடும் முறையிலும் கவனம் வேண்டும். கிழங்கின் நுனியிலுள்ள முளையரும்பு எளிதில் ஒடியும். ஒடிந்த நுனி மீண்டும் துளிர்ப்பதில்லை. கிழங்கைத் தொட்ட கையைக் கழுவுதலும், சிறுவர் கைக்கெட்டாது காத்தலும் இன்றியமையாதன. கோடையில் கொடி மறைந்துவிடுவதால், நட்ட இடத்தை வீட்டார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். கார்த்திகைப்பூ என்னும் பெயரை மட்டும் கற்று வளரும் தலைமுறைக்குக் கலப்பைக்கிழங்கு என்னும் பெயரையும் கற்பித்தல் மூத்தோர் கடனாகும். முன்னோர் அப்பெயரில் பொதிந்த எச்சரிக்கை வழக்கொழியுமாயின், அதன் விலை ஓர் உயிராகவும் இருக்கக்கூடும்.