தரங்கம்பாடியும் ஹாலே அறிக்கைகளும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது அவ்வூரின் பழைய பத்திரிகைகளையே. பிறப்பும் இறப்பும், பஞ்சமும் வெள்ளமும், வழக்கும் வாணிகமும் அவற்றில் அன்றாடம் பதிவாகின்றன. உப்பனாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்துள்ள தரங்கம்பாடிக்கும் அத்தகையதோர் இதழ் உண்டு. ஆயினும் அது தமிழில் எழுதப்படவில்லை, தமிழ்நாட்டில் அச்சிடப்படவுமில்லை.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனியர் இவ்வூரில் கோட்டை கட்டினர். 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் இங்கு வந்திறங்கினர். அவர்கள் அனுப்பிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியில் ஹாலே நகரத்து அநாதை இல்லத்தின் அச்சகம் 1710 முதல் வெளியிடத் தொடங்கியது. 1772 வரை 108 தொடர்களாக வந்த இவ்வெளியீடே ஹாலே அறிக்கைகள் எனப்படுகிறது. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் அமைந்து 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. எனினும் அவ்வூர்ச் செய்திகளைத் தாங்கிய இதழ் கடல் கடந்த வாசகர்களுக்காகவே அச்சாகி வந்தது.

அவ்வாசகர் யாவர்? மிஷன் பணிக்குப் பொருளுதவி செய்த ஐரோப்பிய விசுவாசிகள். ஆகவே அவர்களுடைய ஊக்கம் தளராதிருக்கும்படி பதிப்பாசிரியர்கள் சிலவற்றை விடுத்தனர், சிலவற்றைச் சுருக்கினர். சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றிய நூலை ஹாலேயின் பிராங்கே அச்சிட இசையவில்லை. சென்னையில் ஜெர்மான் என்பவர் அதைப் பதிப்பித்தபோது ஆண்டு 1867. தமிழர் சமயத்தை ஆழ்ந்து கற்ற ஒருவரின் உழைப்பு ஒன்றரை நூற்றாண்டு ஏட்டுப் பிரதியாகவே கிடந்தது.

இவ்வறிக்கைகளைப் புறக்கணிக்க இது காரணமாகாது. 1712 முதல் 1714 வரை தமிழர்கள் மிஷனெரிமாரின் வினாக்களுக்கு விடையாக எழுதிய 99 கடிதங்கள் இவ்விதழ் வாயிலாகவே அச்சேறின. சமயம், மருத்துவம், குடும்ப வாழ்வு, வழக்கங்கள் எனப் பலவற்றைப் பற்றி அவர்கள் விளக்கினர். கிறிஸ்தவர்களின் மதுப்பழக்கத்தையும் தூய்மைக் குறைவையும் தயங்காது கண்டித்தனர். அந்நாளைய தமிழர் நம்மைப் பார்த்து எழுப்பிய கேள்விகள் இவ்வளவு விரிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் எழுதியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் விடுபட்டன. தமிழ் மூலமும் நமக்கு எஞ்சவில்லை. அவர்கள் குரலை ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழியாகவே இன்று கேட்கிறோம்.

இந்த இழப்பைத் திருச்சபை வரலாறு பயில்வோர் கருத்திற்கொள்ள வேண்டும். 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஐயர் நம் நாட்டின் முதல் சீர்திருத்த சபைக் குரு. அவரைப் பற்றியும், ஊர் ஊராய்ச் சென்று உழைத்த உபதேசியார்களைப் பற்றியும் நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி பிறர் எழுதிய குறிப்புகளே. பணியைச் செய்தவர் ஒருவர், அதைப் பதிவு செய்தவர் மற்றொருவர், எதை அச்சிடுவது என்று தீர்மானித்தவர் மூன்றாமவர். இம்மூவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தறியாமல் அறிக்கையை வரலாறாகக் கொள்ளுதல் தகாது. நல்வாய்ப்பாக, ஹாலே ஆவணக் காப்பகத்தில் மூலக் கையெழுத்துப் பிரதிகள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. அச்சுப் பிரதியோடு அவற்றை ஒப்பிடுவோர் எது நீக்கப்பட்டதெனக் காணலாம்.

1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர். துறைமுகச் சிறப்பு மங்கியது. 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. கல் நிலைத்தது, கடிதம் எழுதியோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

நம் சேகரங்களின் நிலை என்ன? ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் செல்லரித்துப் போகின்றன. ஆண்டறிக்கைகளில் கட்டடமும் காணிக்கையும் இடம்பெற, ஆலயத்தைப் பெருக்கியவரும், ஓய்வுநாட் பாடசாலை நடத்திய மூதாட்டியும் இடம்பெறுவதில்லை. உதவி செய்வோருக்குக் காட்ட ஓர் அறிக்கையும், உண்மை நிலையாக ஒன்றும் இருப்பின், பின்வருவோர் நம்மையும் அவ்வாறே ஐயத்தோடு வாசிப்பர். குருமார் ஒவ்வொருவரும் தம் சபையாரின் வாய்மொழியை அவர்கள் பெயரோடும், அவர்கள் மொழியிலேயும் எழுதி வைப்பாராக. தரங்கம்பாடி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.