நத்தையும் முத்தும்: ‘கிளியர் லைட் ஆஃப் டே’ நாவலின் தொடக்கப் பகுதி

வளர்பருவ நாவல்களின் முதல் அத்தியாயங்களுக்கு ஒரு மரபு உண்டு. வீடு, பள்ளி, நட்பு என்று காரணங்களை முதலில் அடுக்கி, விளைவை நோக்கி அவை நகரும். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) பெரிதும் இவ்வாறே காலத்தோடு முன்னேறுகிறது. கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரிந்த சந்திரசேகரன், ஹைதராபாத் கலவரத்தின் நடுவே தன்னைக் கண்டு தானே கூசி ஓடுவதில் நாவல் முடிகிறது. பழைய டெல்லியைக் களமாகக் கொண்டு அனிதா தேசாய் எழுதி, 1980இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற ‘கிளியர் லைட் ஆஃப் டே’ நாவலோ விளைவிலிருந்து தொடங்குகிறது. இத்தலைகீழ் வரிசை, மனிதர் எப்போது வளர்கிறார் என்ற கேள்விக்கு ஆசிரியர் தரும் விடை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நாவலின் நான்கு பகுதிகளில் முதலும் கடைசியும் நிகழ்காலம். இரண்டாவது 1947ஆம் ஆண்டுக் கோடை. மூன்றாவது அதற்கும் முந்தைய குழந்தைப் பருவம். ஆகவே தொடக்கத்தில் நாம் சந்திப்பவர்கள் வளர்ந்து முடிந்தவர்களாகத் தோன்றுகிறார்கள். தாரா வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தூதரக அதிகாரியின் மனைவி. அவளுடைய அக்கா பிம் வரலாறு கற்பிக்கும் பேராசிரியை; மணமாகாமல், தம்பி பாபாவைக் கவனித்துக்கொண்டு, வளர்ந்த வீட்டிலேயே இருப்பவள்.

இப்பகுதியில் மூன்று பொருள்கள் விளக்கமின்றி நம் முன் வைக்கப்படுகின்றன. தோட்டத்தில் ஒரு நத்தையைக் கண்டதும் தாரா சிறுமியைப் போலக் குனிந்து உட்கார்ந்துவிடுகிறாள். பாபா நாற்பதுகளின் இசைத்தட்டுகளையே ஓயாமல் சுழலவிடுகிறான். அண்ணன் ராஜா வீட்டுச் சொந்தக்காரனாக எழுதிய பழைய கடிதத்தைப் பிம் ஆறாத புண்போல் வைத்திருக்கிறாள். முதல் வாசிப்பில் இவை மூவரின் குணவிசித்திரங்களாகவே படும். பாபாவின் தட்டுகள் சுழலும் கிராமபோன், 1947இல் அண்டை வீட்டு ஹைதர் அலி குடும்பம் விட்டுச்சென்ற வீட்டிலிருந்து வந்தது என்பதை இரண்டாம் பகுதி சொல்கிறது. முத்தென்று எண்ணிச் சிறுமி தாரா பாய்ந்தெடுத்தது வெறும் நத்தை என்பது மூன்றாம் பகுதியில்தான் தெரிகிறது.

உடன்பிறந்தோரின் பிரிவைத் தேசப் பிரிவினையின் உருவகமாக வாசிப்பவர்கள் உண்டு. நாவல் அதற்கு இடம் தருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவ்வாசிப்பு தொடக்கப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகிறது. அங்கே பிரிவினையின் எச்சம், வீட்டார் கேட்டுப் பழகிய பாட்டுச் சத்தமாகவே ஒலிக்கிறது. உருவகத்தை முதலிலேயே பொருத்திவிட்டால், அச்சத்தம் மெல்ல வரலாறாக மாறும் அனுபவத்தை வாசகர் இழக்கிறார்.

தொடக்கப் பகுதியில் நாம் செய்யும் தவறும் பிம் செய்யும் தவறும் ஒன்றே. அவளும் ராஜாவைக் கடிதம் என்ற விளைவை வைத்தே எடைபோடுகிறாள். கடந்த காலத்தைத் தொழிலாகக் கற்பிப்பவள் தன் வீட்டுக் கடந்த காலத்தில் ஒரு தாளிலேயே நின்றுவிடுகிறாள். நான்காம் பகுதியில் அவள் அக்கடிதத்தைக் கிழிக்கும்போதுதான் வளர்பருவ நாவலுக்குரிய முதிர்ச்சி நிகழ்கிறது. அப்போது அவள் இளம்பெண் அல்லள். குழந்தைப் பருவத்தை நமக்கு முன்பே காட்டியிருந்தால் அக்கிழிப்பு வெறும் மன்னிப்பாகச் சுருங்கியிருக்கும். பின்னோக்கி நடந்து வந்தபின் நிகழ்வதால், அது அவள் தன் வாழ்வை மறுபடி வாசித்ததன் பயனாகிறது. தோட்டத்து நத்தையிடம் நாமும் திரும்பிப் போக வேண்டியிருப்பது அதனால்தான்.