ஜிந்துப்பிட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஒல்லாந்து நகரம்

ஜிந்துப்பிட்டியில் நான் குடியிருக்கும் அறையிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால், மேட்டில் ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் திறந்த வூல்ஃபண்டால் தேவாலயம் அது. சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடி தடிப்பு. உள்ளே ஒல்லாந்து மொழி பொறித்த கல்லறைக் கற்கள் கிடக்கின்றன. அவற்றில் பல 1813 இல் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

அந்தக் கற்களுக்கு உரியவர்களின் நகரம் 140 ஆண்டுகள் நீடித்தது. 1656 மே மாதம் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனி, 1796 பெப்ரவரியில் அதைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்தது. அது சின்ன நகரம். மதிலுக்குள் கோட்டை, அதற்குக் கிழக்கே புறக்கோட்டை. பிரின்ஸ் வீதியில் எஞ்சியிருக்கும் தூண் வைத்த வீடுதான் இன்றைய ஒல்லாந்தர் கால நூதனசாலை. கெய்மன் வாசலைத் தாண்டினால் நகரம் முடிந்துவிடும். செட்டியார் தெருவும் எங்கள் ஜிந்துப்பிட்டியும் அதற்கு வெளியே.

ஒல்லாந்து மொழி ஆட்சிக்குரிய மொழியாகவே இருந்தது. வீட்டிலும் சந்தையிலும் போர்த்துக்கேயம் கடைசிவரை அசையவில்லை. ஆனாலும் கந்தோர், லாச்சி, கக்கூசு என்று அவர்களுடைய சொற்களை நாங்கள் இன்றும் பேசுகிறோம்.

நகரை நடத்திய விதத்தில் முக்கியமானது பதிவு. யாரிடம் எந்தக் காணி, குடும்பத்தில் எத்தனை பேர், கம்பனிக்கு யார் என்ன ஊழியம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் தோம்புகளில் எழுதப்பட்டன. யாழ்ப்பாணத்தின் தேசவழமையை 1707 இல் எழுத்தில் தொகுப்பித்தவர்களும் இவர்களே. நாங்கள் வழக்குக்கு ஏறி இறங்கும் புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், 1656 முற்றுகையில் இறந்த ஹூல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியுடையது. அங்கே பேசப்படும் சட்டத்தின் அடித்தளமும் ரோமன் ஒல்லாந்தச் சட்டம்தான்.

இந்தப் பதிவுக்கு இன்னொரு முகம் உண்டு. 'மலபார்கள்' என்று அவர்கள் அழைத்த தமிழரும், சோனகரும் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வீடு வளவு வைத்திருக்கத் தடை இருந்தது. வியாபாரத்துக்கு வரலாம், சொந்தமாகக் குடியிருக்க முடியாது. பிரித்தானியர் வந்த பிறகும் அந்தத் தடை நீடித்து, 1832 இல்தான் நீக்கப்பட்டது.

1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொழும்பு மாநகர சபை உருவானது. அதன் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயராக 1937 இல் வந்தவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து, ஒரு தமிழர். வீடு வைத்திருக்கக் கூடாது என்ற நகரத்தில், தடை நீங்கி நூறு ஆண்டுகள் சற்றுக் கடந்ததும் தமிழர் ஒருவர் மேயரானார்.

அத்துடன் கதை முடிந்திருந்தால் நல்லது. 2007 ஜூன் 7 அதிகாலை, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழர்கள், நகரில் இருக்கத் தக்க காரணம் இல்லை என்று பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் வந்தவர்கள் அவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பின்னர் பிரதமர் வருத்தம் தெரிவித்தார்.

ஒல்லாந்தரின் தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்னும் இருக்கின்றன. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வளவு யாருடையது என்பதை அவற்றில் பார்க்கலாம். இடம்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்த எங்களுக்கு அப்படியொரு தாளின் அருமை தெரியும். எங்களை ஓரிடத்தில் இருத்துவதும் தாள்தான், எழுப்புவதும் தாள்தான். பொலிஸ் பதிவுத் துண்டை நான் இன்னும் எறியவில்லை. அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்து லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.