தேவாலயத்தில் திரண்ட பலம்

சமயத்தைப் பிற்போக்கு என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. வரலாறோ அத்துணை எளிய தீர்ப்புக்கு இடந்தருவதில்லை.

அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரில், 1955 டிசெம்பர் 1ஆம் நாள், வெள்ளையருக்காக பஸ் ஆசனத்தை விட்டெழ மறுத்த தையற்றொழிலாளி ரோசா பார்க்ஸ் கைதுசெய்யப்பட்டார். 5ஆம் நாள் மாலை, கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் ஹோல்ட் வீதி பப்டிஸ்ட் தேவாலயத்திற் கூடி, பஸ் புறக்கணிப்பைத் தொடரத் தீர்மானித்தனர். போராட்டம் 381 நாட்கள் நீடித்தது.

அம்மக்களுக்கு, வெள்ளை எசமானின் கைக்கு எட்டாத மண்டபம் தேவாலயமே. போதகருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் சபையார். ஆதலின் அவரை வேலைநீக்க எந்த முதலாளியாலும் இயலவில்லை. காணிக்கைக் காசு பெற்றோலாயிற்று. திருச்சபைகளின் பெயரில் வாங்கிய வண்டிகள் தொழிலாளரை ஏற்றிச்சென்றன.

அதே வேதத்தை ஓதிய வெள்ளையர் சபைகளோ பெரும்பாலும் மௌனஞ் சாதித்தன. எனவே வேதம் மட்டும் இவ்வெற்றியைத் தரவில்லை. ஒடுக்கப்பட்டோர் தமக்கெனக் கட்டிக்காத்த கூட்டுறவே தந்தது.

1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பஸ்களில் இனப்பாகுபாடு செல்லாதெனத் தீர்த்தது. 1957 ஜனவரியில் பகைவர் நான்கு தேவாலயங்களுக்குக் குண்டு வைத்தனர். பலம் எங்கிருந்து பிறந்ததென்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

துன்பத்தில் ஒருவரையொருவர் பெயர்சொல்லி விசாரிக்கும் அத்தகைய உறவை நமது சங்கங்கள் வளர்த்துள்ளனவா? நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.