மாரடைப்பின் இரத்தக் குறிப்பான்கள்

மாரடைப்பின் இரத்தக் குறிப்பான்கள் என்பவை, இதயத் தசை சிதைவதாலும் அதைத் தொடர்ந்து இதயம் பலவீனமடைவதாலும் இரத்தத்தில் அளவு கூடும் பொருள்கள். இதயத்தமனி அடைபட்டுத் தசைச் செல்கள் இறக்கும்போது, அவற்றுள் இருந்த புரதங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. நோயை உறுதிசெய்யவும், சேதத்தை மதிப்பிடவும், பின்விளைவுகளைக் கணிக்கவும் இவை அளக்கப்படுகின்றன.

வரலாறு

மாரடைப்பு நோயாளிகளின் இரத்தத்தில் எஸ்ஜிஓடி நொதி உயர்வதை 1954இல் ஜான் லடூ, ஃபெலிக்ஸ் ரூப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மென் ஆகியோர் அறிவித்தனர். கல்லீரல் நோயிலும் அது உயரும் என்பது பெருங்குறை. பின்னர் எல்டிஹெச், கிரியேட்டின் கைனேஸ் ஆகிய நொதிகளும், கிரியேட்டின் கைனேஸின் வகையாக இதயத் தசையில் மிகுந்துள்ள சிகே-எம்பியும் பயன்பாட்டுக்கு வந்தன. 2000இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட வரையறை ட்ரோபோனின் என்ற புரதத்துக்கு முதலிடம் அளித்தது.

ட்ரோபோனின்

தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரோபோனின் புரதத் தொகுதியை 1960களில் கண்டறிந்தவர் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி. இதில் டி, ஐ, சி என மூன்று கூறுகள் உண்டு. சி வகை எலும்புத் தசையிலும் அதே வடிவில் இருப்பதால் மாரடைப்பைக் கண்டறிய உதவாது. டி, ஐ இரண்டுக்கும் இதயத்துக்கே உரிய வடிவங்கள் இருப்பதால் அவையே அளக்கப்படுகின்றன.

வலி தொடங்கிய சில மணி நேரத்தில் ட்ரோபோனின் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சம் தொடும். ஒரு வாரத்துக்கும் மேலாக உயர்ந்தே இருக்கக்கூடும். சிகே-எம்பியோ 2 முதல் 3 நாட்களில் இயல்புக்குத் திரும்பிவிடும்.

நலமுள்ளோரில் 99 விழுக்காட்டினர் அடங்கும் அளவே ட்ரோபோனினின் மேல்வரம்பு. 2018இன் நான்காவது பொது வரையறைப்படி, அளவு அதைத் தாண்டுவது மட்டும் போதாது. அடுத்தடுத்த சோதனைகளில் அது ஏறவோ இறங்கவோ வேண்டும், நெஞ்சுவலி, இ.சி.ஜி. மாற்றம் போன்ற, இதயத் தசைக்கு இரத்த ஓட்டம் குறைந்ததற்கான சான்றும் வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு, இதயத் தசை அழற்சி, நுரையீரல் தமனி அடைப்பு, கடும் நோய்த்தொற்று ஆகியவற்றிலும் ட்ரோபோனின் உயர்வதே இதற்குக் காரணம்.

பின்விளைவைக் காட்டுபவை

இதய அறைச் சுவர் இழுபடும்போது பிஎன்பி, என்டி-புரோபிஎன்பி ஆகிய பெப்டைடுகள் சுரக்கின்றன. மாரடைப்புக்குப் பின் இவை மிகுந்திருந்தால் இதயச் செயலிழப்புக்கும் மரணத்துக்கும் வாய்ப்பு அதிகம். அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் உயரும்; ஆனால் அது இதயத்துக்கு மட்டும் உரியதன்று.

சிகிச்சையில் இடம்

வலி தொடங்கியவுடன் எடுத்த முதல் ட்ரோபோனின் சோதனை இயல்பாக இருக்கலாம். எனவே உயர்நுண்ணுணர்வு முறையில் 1 முதல் 3 மணி நேரம் கழித்து மீண்டும் அளக்கின்றனர். இ.சி.ஜி.யில் எஸ்டி பகுதி உயர்ந்து மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால், இரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.