விலங்குடன் வழிகாட்டியவர்கள்

போர்களின் வரலாற்றைப் பயில்வோர் படைத்தலைவர்களின் பெயர்களை நினைவிற் கொள்வர். சிறையினின்று தப்பியோரின் வரலாற்றைப் பயில்வோர் தப்பியோரின் துணிவைக் கண்டு வியப்பர். அவ்வாறு தப்பியவனுக்கு நள்ளிரவில் கதவு திறந்தவர் யார், தம் உணவில் பாதியைப் பகிர்ந்தளித்தவர் யார், ஆற்றைக் கடக்கத் தோணி தந்தவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அக்கேள்வியை எழுப்புவது பொருத்தமுடையதாகும். ஏனெனில், அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பொறுத்தவரை அதற்குரிய விடை, மனிதராகவே மதிக்கப்படாத ஒரு மக்கட் கூட்டத்தின் பெருமையை உரைப்பதாகும்.

போரும் சிறைகளும்

1861ஆம் ஆண்டு தொடங்கி 1865ஆம் ஆண்டு வரை அமெரிக்க நாடு வடக்கு, தெற்கு எனப் பிரிந்து பொருதது. பிரிந்து சென்ற தென் மாநிலங்கள் பதினொன்று. அடிமை முறையைக் காத்துக்கொள்வதே அவற்றின் நோக்கம். போர் தொடங்குமுன் அந்நாட்டில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். மாடும் மனையும் போல விற்கவும் வாங்கவும் உரிய பொருளாகவே சட்டம் அவர்களைக் கருதியது.

போரிற் பிடிபட்ட வடபுல வீரர்களைத் தெற்கு பல இடங்களில் அடைத்து வைத்தது. ரிச்மண்ட் நகரில் லிப்பி என்னும் பண்டகசாலை படை அதிகாரிகளுக்குரிய சிறையாயிற்று. ஜார்ஜியாவில் 1864 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆண்டர்சன்வில் முகாமில் ஏறத்தாழ 45,000 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். வட கரோலினாவின் சாலிஸ்பரியில் பழைய பஞ்சாலையொன்று சிறையாக்கப்பட்டது. 1864 அக்டோபரில் அங்குக் கைதிகள் குவிக்கப்பட்டு, அவர்தம் தொகை பதினாயிரத்தை எட்டியது. கூடாரம் கிடைக்காதோர் மண்ணைத் தோண்டிக் குழிகளில் பதுங்கினர். பசியும் குளிரும் நோயும் அவர்களை நாள்தோறும் கொண்டுபோயின. நவம்பர் 25ஆம் நாள் கைதிகள் கூட்டமாகக் கிளர்ந்தெழுந்து வாயிலை உடைக்க முயன்றனர். காவலர் சுட்டதிற் பலர் உயிரிழந்தனர்.

பரிமாற்றம் நின்றது ஏன்?

முகாம்கள் இவ்வளவு நிரம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை நம் இளைஞர்கள் கருத்துடன் நோக்குதல் வேண்டும்.

1862 ஜூலையில் இரு தரப்பினரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி கைதிகளை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. 1863 ஜனவரி முதல் நாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தபின் கறுப்பின மக்கள் வடபுலப் படையிற் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். போர் முடிவதற்குள் அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,80,000 ஆயிற்று. பிடிபட்ட கறுப்பின வீரனைப் போர்க்கைதியாக ஏற்க இயலாது என்றும், அவன் அடிமையாகவே நடத்தப்படுவான் என்றும் தெற்கு அறிவித்தது. வீரருள் நிற வேற்றுமை பாராட்டலாகாது என்று வட அரசு வற்புறுத்தியது. பரிமாற்றம் முறிந்தது. விடுவிக்கப்படும் தென்புல வீரர்கள் மீண்டும் போர்க்களம் புகுவர் என்னும் படைக் கணக்கும் 1864இல் தளபதி கிராண்ட்டின் உள்ளத்தில் இருந்தது உண்மையே. ஆயினும், தாம் அடிமையென்று கருதியவனை வெள்ளை வீரனுக்கு நிகராக வைத்து எண்ணத் தெற்கு மறுத்ததே முதல் முறிவுக்குக் காரணம். 1865இன் தொடக்கத்தில் தெற்கு இறங்கி வந்த பின்னரே பரிமாற்றம் மீண்டும் தொடங்கியது.

இடைப்பட்ட காலத்திற் சிறைப்பட்டோருக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று சாவு; மற்றொன்று தப்பியோடுதல்.

சாலிஸ்பரியிலிருந்து நாக்ஸ்வில் வரை

1864 பிப்ரவரி 9ஆம் நாள் இரவு லிப்பி சிறையிலிருந்து 109 அதிகாரிகள் சுரங்கம் தோண்டி வெளியேறினர். அவர்களுள் 59 பேர் வடபுலப் படையைச் சென்றடைந்தனர்; 48 பேர் மீண்டும் பிடிபட்டனர்; இருவர் ஆற்றில் மூழ்கினர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் தென் கரோலினாவின் கொலம்பியா நகருக்கு வெளியே, மதிலில்லாத திறந்த வெளியொன்றில் அதிகாரிகள் அடைக்கப்பட்டனர். அங்கிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் தப்பினர். அம்மாதங்களில் இரு கரோலினாக்களிலும் ஏறத்தாழ மூவாயிரம் கைதிகள் காடும் மலையும் வழியாகத் தப்பிச் சென்றனர் என்று வரலாற்றறிஞர் லோரியன் ஃபூட் கணக்கிட்டுள்ளார்.

அவ்வாறு தப்பியோருள் இருவரின் பயணம் பெரிதும் அறியப்பட்டது. ஆல்பர்ட் ரிச்சர்ட்சன், ஜூனியஸ் பிரௌன் என்னும் அவ்விருவரும் படைவீரரல்லர். 'நியூயார்க் டிரிபியூன்' நாளிதழின் போர்ச் செய்தியாளர்கள். 1863 மே மாதத்தில், விக்ஸ்பர்க் கோட்டையின் பீரங்கிகளைக் கடந்து மிசிசிப்பி ஆற்றில் இரவில் செல்ல முயன்றபோது அவர்களின் கலம் சுடப்பட்டது. நீரிற் குதித்த இருவரும் பிடிபட்டனர். உடன் பிடிபட்ட வேறோர் இதழின் செய்தியாளர் விரைவில் விடுவிக்கப்பட்டார். அடிமை முறையை எதிர்த்த இதழின் ஊழியர் என்பதால் இவ்விருவரையும் விடத் தென்புலத்தார் மறுத்தனர். சிறை மாறிச் சிறையாக இருபது மாதங்களுக்கு அணித்தாகக் கழிந்தது.

1864 டிசம்பர் 18ஆம் நாள் மாலை அவர்கள் சாலிஸ்பரிச் சிறையினின்று வெளியேறினர். மருத்துவமனைப் பணியின் பொருட்டு வெளிமுற்றத்துக்குச் செல்லப் பிரௌனுக்கு அனுமதிச் சீட்டு இருந்தது, ரிச்சர்ட்சனுக்கு இல்லை. அவர் வெறும் மருந்துப் புட்டிகள் நிறைந்த பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு, அன்றாடப் பணிக்குச் செல்பவரைப் போலத் தயக்கமின்றிக் காவலனைக் கடந்து சென்றார். இருட்டிய பின் அவர்கள் சின்சினாட்டி இதழாளர் ஒருவருடன் சேர்ந்து வெளிவாயிலைத் தாண்டினர். முதல் நாள் முழுவதும் சிறைக்கு அருகிலேயே ஒரு களஞ்சியத்தில் வைக்கோலுக்குள் மறைந்து கிடந்தனர். அதன்பின் இரவில் நடை, பகலில் மறைவு என்று பயணம் தொடர்ந்தது.

வடபுலப் படையின் கையிலிருந்த நாக்ஸ்வில் நகரம் மேற்கே மலைத்தொடருக்கு அப்பால் இருந்தது. கடுங்குளிர்; நைந்த உடை; தேய்ந்த காலணி. சமவெளியில் அவர்களைக் காத்தவர் பெரும்பாலும் அடிமைகளே. மலைப்பகுதியில் பிரிவினையை எதிர்த்த ஏழை வெள்ளைக் குடியானவர்கள் அடைக்கலம் தந்தனர். நூற்றுக்கணக்கானோரை மலை கடத்திய டான் எல்லிஸ் என்னும் வழிகாட்டியும், பகைவர் சூழ்ந்த ஓரிடத்தில் இரவில் வழிநடத்திய மெல்வினா ஸ்டீவன்ஸ் என்னும் இளநங்கையும் புகழ் பெற்றனர். 1865 ஜனவரி நடுவில், ஏறத்தாழ 340 மைல் கடந்து அவர்கள் வடபுலப் படையை அடைந்தனர். அவ்வாண்டிலேயே இருவரும் தத்தம் அனுபவங்களை நூல்களாக வெளியிட்டனர்.

ஏட்டில் இல்லாத கல்வி

தப்பியோர் பலரும் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஒரு செய்தியில் ஒத்திருக்கின்றன. வெள்ளையர் வீட்டின் கதவைத் தட்ட அவர்கள் அஞ்சினர். அடிமைகளின் குடிசையை நம்பித் தேடிச் சென்றனர். அங்கே மக்காச்சோள ரொட்டியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கிடைத்தன. அவை மிகுதியான உணவல்ல. அளந்து கொடுக்கப்பட்ட படியிலிருந்து பகிரப்பட்டவை. பகலில் வைக்கோற்போரிலும் புதர்க்காட்டிலும் மறைத்து வைத்து, இரவானதும் அடுத்த தோட்டத்து அடிமையிடம் ஒப்படைப்பர். அவர் அதற்கடுத்தவரிடம் ஒப்படைப்பார். இவ்வாறு கைமாறிக் கைமாறி ஓர் அறப்பணி நடந்தது.

வட கரோலினாவில் 1830ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. தென் கரோலினா 1834இல் அத்தகைய சட்டத்தை இயற்றியது. ஆனால் எழுத்தறியாத அம்மக்கள் அறிந்திருந்தவை எவை? எந்தத் துறையில் காவல் உண்டு, எந்த இரவில் ரோந்துக்காரர் வருவர், எந்த வழியிற் சென்றால் வேட்டை நாய்கள் மோப்பம் இழக்கும் என்பனவெல்லாம் அவர்கள் அறிந்திருந்தனர். தாம் தப்புவதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அறிவு அது. போர் எதற்காக நடக்கிறது என்பதையும் அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். ஆகவே அவர்கள் செய்த உதவியை வெறும் இரக்கம் என்று கொள்வது குறைவுடைய கருத்தாகும். அது விடுதலைப் போரில் அவர்கள் தாமே மேற்கொண்ட பங்கு. போரின்போது அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறியதைப் பொது வேலைநிறுத்தம் என்றே அறிஞர் டுபாய்ஸ் 1935இல் எழுதிய நூலில் விளக்கினார்.

அடிமைகள் அனைவரும் அவ்வாறு துணிந்தனர் என்று கூறுவது மிகையாகும். அஞ்சியோரும் இருந்தனர், அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பிடிபட்டால் தப்பியோடிய வீரன் மீண்டும் சிறைக்குச் செல்வான். அவனுக்கு உணவளித்த அடிமைக்கோ கசையடி காத்திருந்தது; மனைவி மக்களிடமிருந்து பிரித்து விற்கப்படும் அச்சமும், உயிரிழக்கும் அச்சமும் இருந்தன. இருவரும் ஒரே இருளில் நின்றனர். ஆனால் இருவர் முன்னும் இருந்த இடர் ஒன்றன்று.

எழுதப்படாத பெயர்கள்

வழிகாட்டிய எல்லிஸின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. மெல்வினாவின் பெயரும் கிடைக்கிறது. உணவளித்த கறுப்பின மக்களின் பெயர்களோ மிகப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 'முதியவர் ஒருவர்', 'ஒரு பெண்', 'தோட்டத்து ஆள்' என்றே அக்குறிப்புகள் கூறிச் செல்கின்றன. இருளிற் பெயர் கேட்பது இருவர்க்கும் ஆபத்து என்பது ஒரு காரணம். கேட்கத் தோன்றவில்லை என்பது மற்றொரு காரணம். உயிர் காத்தவரைக் கூடத் தமக்கு நிகரான மனிதராக எண்ணும் பழக்கம் பலருக்கு அன்று வந்திருக்கவில்லை.

அந்நன்றியுணர்ச்சி நெடுங்காலம் நிலைக்கவுமில்லை. 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆயினும் 1877இல் வடபுலப் படையின் காவல் தெற்கிலிருந்து விலக்கப்பட்டது. அதன்பின் வாக்குரிமை பறிப்பும் நிறப் பிரிவினையும் தலைதூக்கின. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று: பிறர் காட்டும் நன்றி உரிமை ஆகாது. உரிமை என்பது சட்டத்திலும் அமைப்பிலும் கல்வியிலும் வேரூன்ற வேண்டும்.

அதனை அம்மக்கள் நன்கு உணர்ந்தனர். 1865 ஏப்ரலில் வடபுலப் படை சாலிஸ்பரிச் சிறையை எரித்தது. கறுப்பின மக்களின் திருச்சபையொன்று 1879இல் கான்கார்டில் தொடங்கிய கல்விக்கூடம் 1882இல் அதே சாலிஸ்பரி ஊருக்கு வந்தது. பின்னர் அது லிவிங்ஸ்டன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. எழுத்தறிவதே குற்றமாக இருந்த மாநிலத்தில், சிறை இருந்த ஊரில், முன்னாள் அடிமைகளின் மக்கள் பட்டம் பெற்றனர்.

நமக்குள்ள உறவு

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பயின்றார். சென்னையில் 1894இல் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கிய கர்னல் ஆல்காட், போருக்கு முன் அதே 'டிரிபியூன்' இதழிற் பணிபுரிந்தவர். போரின்போது வட அரசின் படைத்துறையில் ஊழல்களை விசாரித்தவர். அப்பள்ளி முயற்சியில் அவருடன் தோள்கொடுத்தவர் பண்டிதர் அயோத்திதாசர்.

இளைஞர்களே! நம் ஊர்களிலும் பெயர் எழுதப்படாதோர் பலர் உள்ளனர். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கு அளித்த தாய்மார்கள், கூலி வேலை முடிந்து இரவில் மண்சுவர் எழுப்பிய பெரியோர்கள், மறுக்கப்பட்ட தெருவில் பிள்ளையின் கைப்பிடித்து முதன்முதல் நடந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டில் உள்ளன? அவர்களுட் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். இவ்விழா முடிந்ததும் ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லுங்கள். பெயரைக் கேளுங்கள், தந்தை பெயரையும் தாய் பெயரையும் கேளுங்கள், செய்ததைக் கேட்டு எழுதுங்கள். நம் கழகம் பொன்விழாக் காணும்போது வெளிவரும் மலரில், 'பெரியவர் ஒருவர்' என்று எந்த ஒரு வரியும் இருத்தலாகாது.